வெறும் வலைக்கும் ஒரு காசு

எங்க ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு ஜெபக் கூட்டம் நடக்கும். பதினைந்து பேர் வந்தால் அதிகம். சி.எஸ்.ஐ. பசங்க இருப்பாங்க, பெந்தெகொஸ்தே பசங்க இருப்பாங்க, என்னை மாதிரி ஆர்.சி. ரெண்டு மூணு பேர், அப்புறம் கீபோர்டு வாசிப்பதற்காகவே வரும் ஒரு முருக பக்தன். முதலில் பாட்டு, அடுத்து பைபிளிலிருந்து ஒரு பகுதி, கடைசியில் சாட்சி நேரம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இது கோர்ட் சாட்சி இல்லை. இந்த வாரம் கடவுள் எனக்கு இன்னது செய்தார், அதற்கு நன்றி என்று எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி.

ஏழாவது செமஸ்டரில் இந்தச் சாட்சி நேரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "ஆப்டிட்யூட் க்ளியர் ஆயிடுச்சு, ஸ்தோத்திரம்." "எச்.ஆர். ரவுண்டுல கை நடுங்குச்சு, ஆனா கர்த்தர் கூட இருந்தார், ஆஃபர் வந்துடுச்சு." எல்லோரும் கை தட்டுவோம். நானும் மனசாரத்தான் தட்டினேன். ஆனால் அக்டோபர் முடிவதற்குள் பதினைந்து பேர் எட்டுப் பேராகிவிட்டார்கள். யாரும் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. நாலு கம்பெனியில் ரிஜெக்ட் ஆன மெக்கானிக்கல் நண்பன் ஒருவனை மெஸ்ஸில் பிடித்துக் கேட்டேன், ஏன்டா வர்றதில்ல என்று. "வந்து என்னடா சொல்றது? சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றான். தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அவன் ஒன்றும் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. நன்றி சொல்லக் கையில் ஏதாவது வைத்திருப்பவனுக்குத்தான் கூட்டத்தில் இடம் என்று அவனாகவே புரிந்துகொண்டிருக்கிறான். எங்கள் கூட்டமும் அவன் அப்படிப் புரிந்துகொள்ளும் விதமாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் ஊர் ஞாபகம்தான் வரும். ஊர் பேர் தோணிரேவு. சென்னைக்கு வடக்கே பொன்னேரி போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காட்டில் இறங்க வேண்டும். ஏரிக்கரையில் இருக்கும் மீனவக் குப்பங்களில் இதுவும் ஒன்று. 'ரேவு' தெலுங்குச் சொல், தமிழில் துறை என்று அர்த்தம். தோணி வந்து சேரும் துறை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால் இந்தப் பக்கத்து ஊர்ப் பேரிலும் பேச்சிலும் தெலுங்கு கலந்துதான் கிடக்கும். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி இது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் நாங்கள் டிவி முன்னால் உட்கார மாட்டோம், வாசலுக்கு வந்து நின்றால் போதும். பெரிய ஏரி என்றதும் ரொம்ப ஆழம் என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். கோலை ஊன்றித் தள்ளித்தான் தோணி போகும்.

ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, அந்த இடுப்பளவு தண்ணீரில் வாழ்க்கையை ஓட்டியவள். பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்தவள். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. மாமாதான் ஏரிக்குப் போகிறார். ஆயா வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். மாமா வலையைக் கரையில் போட்டுவிட்டு வீட்டுப் படி ஏறியதும் ஆயா எழுந்து போய் அதில் ஒரு ரூபாய் போடுவாள். சின்னப் பிள்ளையில் அதை உண்டியல் என்றுதான் நினைத்தேன். ஐஸ்க்ரீமுக்காக இரண்டு முறை கையை விட்டு அடியும் வாங்கியிருக்கிறேன்.

பெரியவனான பிறகுதான் கணக்கு இடித்தது. பெரிய நண்டாகக் கிடைத்து ஏலத்தில் நல்ல விலை போன நாளிலும் ஒரு ரூபாய். நாலு மடவை மட்டும் மாட்டிய நாளிலும் ஒரு ரூபாய். வலையில் பாசியும் பிளாஸ்டிக் கவரும் மட்டும் வந்த நாளிலும் அதே ஒரு ரூபாய். பத்தில் ஒன்று காணிக்கை என்று பைபிள் வழக்கம் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் வெறும் வலைக்குப் பத்தில் ஒன்று பூஜ்யம்தானே?

இந்தக் கேள்வியை ஆயாவிடம் கேட்டது நான் இல்லை, அந்த மெக்கானிக்கல் நண்பன். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறுதல் சொல்லும் திட்டமெல்லாம் இல்லை. ரூமுக்குள்ளேயே கிடக்கிறான், மீன் குழம்பு சாப்பிடட்டும் என்றுதான். அன்றைக்குப் பார்த்து மாமாவுக்கு வெறும் வலை. ஆயா வழக்கம்போல எழுந்து போய்க் காசு போட்டாள். நண்பன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆயா, மீனே வரலையே, எதுக்குக் காசு?"

ஆயா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "மீனுக்கா போடறேன்? படி ஏறி வந்தான் பாரு, அந்தக் காலுக்குப் போடறேன் கண்ணு."

அவ்வளவுதான். மேற்கொண்டு விளக்கம் எதுவும் கிடையாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு அந்தப் பதில் ரொம்ப நாள் ஓடிக்கொண்டே இருந்தது. 'நன்றி' என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் நன்மை, செய்த உதவி என்றுதான் பொருள். அதனால்தான் திருக்குறளில் அந்த அதிகாரத்தின் தலைப்பு 'செய்ந்நன்றி அறிதல்'. நன்றியை அறியத்தான் வேண்டும், 'தேங்க்ஸ்' என்று சொல்லி முடிப்பது பின்னால் வந்த பழக்கம். ஆயா செய்வது அறிதல். மீன் வந்ததா இல்லையா என்பதற்கு முன்னாலேயே, ஆள் வந்தான் என்ற ஒன்றை அவள் அறிந்துவிடுகிறாள். எங்கள் சாட்சி நேரத்தில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

இன்னொன்று. நாங்கள் நற்கருணை என்று சொல்கிறோமே, அதற்கான கிரேக்கச் சொல்லுக்கு நன்றி கூறுதல் என்றுதான் அர்த்தம். இயேசு அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி சொன்ன நேரத்தைப் பாருங்கள். காட்டிக்கொடுக்கப்பட்ட அதே ராத்திரி. மறுநாள் சிலுவை. எந்த ரிசல்ட்டும் வந்த பிறகு சொன்ன நன்றி இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பூசையில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் இந்த விநோதம் நமக்கு உறைப்பதே இல்லை.

பழவேற்காட்டில் ஒரு சொல் உண்டு, 'பாடு'. ஏரியில் மீன் கிடைக்கும் நல்ல இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. இன்றைக்கு நல்ல இடம் எனக்கு, நாளைக்கு உனக்கு. சண்டை வராமல் இருக்கவும், ஏரியை ஒரே ஆள் சுரண்டாமல் இருக்கவும் ஊரே கண்டுபிடித்த வழி. ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று எலெக்டிவ் பேப்பரில் படிக்கிறோமே, அதை இங்கே கவர்ன்மென்ட் இல்லாமலே நடத்தியிருக்கிறார்கள். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து கட்டுரை எழுதும் அளவுக்கு இது பேர் பெற்றது. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது: பாட்டு உரிமை எல்லோருக்கும் கிடையாது. குறிப்பிட்ட சில குப்பங்களில், குறிப்பிட்ட தலைக்கட்டுகளுக்கு மட்டும் பரம்பரையாக வருவது. எங்கள் குடும்பத்துக்கு இல்லை. மாமா ஒதுக்குப்புறமாகத்தான் வலை போடுகிறார்.

அதே 'பாடு' கோவிலுக்குள் வந்தால் வேறு. தபசு காலத்தில் ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்கிறோம். பாடு என்றால் துன்பம். 'என் பாட்டை நான் பாத்துக்கறேன்', 'வயித்துப்பாடு' என்று வீட்டிலும் சொல்கிறோம். பாட்டுக் குழுவில் மாஸ்டர் 'சத்தமா பாடு' என்று அதட்டும்போது அது இன்னொரு பாடு. வலை முறை, துன்பம், பாட்டு, மூன்றுக்கும் இந்தக் கரையில் ஒரே சத்தம். மொழியியல் படித்தவர்கள் இவை வேறு வேறு வேர் என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். பெரிய வெள்ளியன்று ஆயா சிலுவைப்பாதையில் ஸ்தலம் ஸ்தலமாக முட்டி போட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு பாடும்போது எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கிறது.

அடுத்து எதிர்பார்ப்பு. வழிபாட்டில் எதிர்பார்ப்போடு உட்கார வேண்டும் என்று பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வார்கள். அதை எனக்குப் புரியவைத்தது முகத்துவாரம். ஏரி கடலோடு சேரும் வாய் அது. அது திறந்திருந்தால் கடல் தண்ணீர் உள்ளே வரும், கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளரும், படகுகள் கடலுக்குப் போகும். மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் எல்லாம் நின்றுபோகும். கோடை வந்தால் ஏரி சுருங்கும், உப்பு ஏறும். அப்போது ஊரே முகத்துவாரத்தைப் பற்றித்தான் பேசும். 'இன்னாச்சு, தொறந்துச்சா?' என்பதுதான் டீக்கடையில் முதல் பேச்சு. சும்மா பேசிக்கொண்டிருப்பதும் இல்லை. மனு கொடுப்பார்கள், மறியல் செய்வார்கள், சில சமயம் மண்வெட்டியோடு போய்த் தாங்களே வாய்க்கால் வெட்டுவார்கள். வடகிழக்கு மழையில் ஆரணி ஆறு பெருகி வந்து முட்டினால் வாய் நன்றாகத் திறக்கும்.

இந்த மழை மாதங்களின் கடைசியில்தான் எங்களுக்குத் திருவருகைக் காலம் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தியாக நான்கு ஏற்றுவோம். கிறிஸ்துமஸ் கார்டுகளில் இந்தக் காலத்துக்குப் பனியும் ஊசியிலை மரமும் போட்டிருப்பார்கள். எங்களுக்கு மழையும், கலங்கிய தண்ணீரும், திறக்கப்போகும் வாயும். காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது இல்லை என்று இந்த ஊருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மழை வரும் என்று நம்புகிறவன்தான் வலையைப் பிரித்துப் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பான். ஆயாவும் அப்படித்தான். முதல் மெழுகுவத்தி ஏற்றும் வாரத்தில் மாமாவின் வலையைத் திண்ணையில் விரித்துப் பொத்தல் பார்க்க உட்கார்ந்துவிடுவாள். செபமாலையும் அங்கேயேதான்.

எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வராது என்பதும் ஊருக்குத் தெரியும். 2023இல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்றைக்குத்தான் மிக்ஜாம் புயல் மழை கொட்ட ஆரம்பித்தது. மறுநாள் சென்னையே மிதந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, அந்தப் பக்கத்து மீனவர்களுடைய படகும் வலையும் கறுப்பாகிப் போனது. மழைக்காக ஜெபித்தோம், மழை வந்தது, இப்படி வந்தது. அந்த வாரம் மாமா கரையிலேயே இருந்தார். ஏரிக்குப் போகாத நாளுக்கு ஆயா பாட்டிலில் காசு போட மாட்டாள். போகாதவன் எப்படித் திரும்பி வருவான்?

இனி எழுதுவதற்குக் கஷ்டமான இடம். 'திரும்பி வந்த காலுக்கு நன்றி' என்றால், திரும்பி வராத கால்கள்?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எனக்கு அப்போது நடக்கவே தெரியாது. எங்கள் கரையில் தோணிகளும் வலைகளும் போயின, ஆனால் உயிர்ச்சேதம் நாகப்பட்டினம் மாதிரி இல்லை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் காலையில் கடற்கரையில் நின்றிருந்தபோது அலை வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு பல வருஷம், கோவிலுக்குள் இருந்தவர்களை மாதா காப்பாற்றினாள் என்ற சாட்சியைப் பல ஊர்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பிழைத்த அதிர்ச்சி அவர்களுக்கு. ஆனால் பூசை முடிந்து பிள்ளைக்குக் கடலைக் காட்டக் கூட்டிக்கொண்டு போன அம்மா அந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால்? அவள் காதில் விழக்கூடாத நன்றியைக் கோவிலில் சொல்லக்கூடாது என்பது என் அபிப்பிராயம். இதில் என்னோடு சண்டை போட வருகிறவர்கள் வரலாம்.

ஏழு வருஷம் கழித்து, 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்றைக்கே. பழவேற்காடு ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போன படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெட்ரோமாக்ஸும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஆண்கள் கரைக்கு ஓடினார்கள். வீட்டில் ஸ்டார் எரிந்துகொண்டே இருந்தது, அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கேக் அப்படியே கிடந்தது.

இந்த இரண்டு தேதிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கொஞ்சம் மௌனமாகவே இருக்கும். அந்த நாட்களில் பாட்டிலுக்கு என்ன செய்வாய் என்று நண்பன் ஆயாவிடம் கேட்டான். (ரிஜெக்ட் ஆனவனுக்குக் கேள்வி கேட்கும் தைரியம் அதிகமாகிவிடுகிறது போல.)

"சாவு வீட்ல போயி நன்றின்னு யாராவது சொல்வாங்களா? சொல்ல மாட்டோம். சோறு எடுத்துனு போவோம்."

தாத்தா நெஞ்சுவலியில் போனபோது பாட்டில் ஒரு வருஷம் கவிழ்ந்தே கிடந்தது. ஃபாதர் வீடு சந்திக்க வந்தபோது அதைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. 'எல்லாவற்றிலும் நன்றி சொல்லணும் அம்மா' என்று பவுல் எழுதியதை எடுத்து நீட்டவும் இல்லை. அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். அந்த ஒரு வருஷம் நடந்தது வேறு. அன்பியத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் ஒருத்தி சாயங்காலம் வந்து ஆயாவோடு உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். அதிகம் பேச மாட்டார்கள். நன்றி சொல்ல முடியாதவளுக்குப் பதிலாக மற்றவர்கள் கொஞ்ச நாள் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அன்பியம் என்றால் தெரியாதவர்களுக்கு: பங்கில் இருக்கும் இருபது முப்பது வீடுகளைச் சேர்த்து ஒரு குழு. ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, பேசி, ஜெபித்து, டீ குடித்துக் கலைவது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் எங்கும் இருக்கும். பல ஊர்களில் அது பெயருக்கு நடக்கிறது, டீக்காக நடக்கிறது, சிலசமயம் யார் வீட்டு டீ நன்றாக இருக்கிறது என்று வம்பளக்க நடக்கிறது. எங்கள் ஊரிலும் வம்பு உண்டு. ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அந்த வம்பிலேதான் முதலில் தெரியவரும்.

யோவான் நற்செய்தியின் கடைசியில் ஒரு காட்சி வருகிறது. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் சீடர்கள் கரைக்கு வருகிறார்கள். இயேசு சொன்ன பக்கம் வலை போட்டதும் 153 பெரிய மீன். பிரசங்கத்தில் எல்லோரும் அந்த 153இல்தான் நிற்பார்கள். மாமா ஒருமுறை சொன்னார், "கரையில ஏற்கெனவே கரி நெருப்பு போட்டு மீன் சுட்டு வெச்சிருந்தார்டா. அத்த யாரும் சொல்ல மாட்டாங்க." எடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. இவர்கள் மீன் கரைக்கு வரும் முன்னாலேயே அங்கே நெருப்பு எரிகிறது, அதில் மீனும் அப்பமும் இருக்கின்றன. விடியற்காலை நாலு மணிக்கு ஈரத்தோடு வெறும் வலையை இழுத்தவனுக்குத்தான் அந்த வரி கண்ணில் படும்.

நன்றியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அதன் இன்னொரு முகத்தை விட்டால் நியாயமாக இருக்காது. ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்டின் ரிங்கார்ட் என்று ஒரு போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போர் நேரம். 1637இல் கொள்ளைநோய் வந்து ஆயிரக்கணக்கானவர்களை அவர் அடக்கம் செய்தார், அவர்களில் அவருடைய மனைவியும் ஒருத்தி. உலகம் முழுக்க இன்றும் நன்றி ஆராதனைகளில் பாடும் ஒரு பாட்டு அவர் எழுதியதுதான். சாப்பாட்டு ஜெபமாகத்தான் முதலில் அது அச்சானது. நெகிழ்ச்சியான கதை, பிரசங்கத்துக்குப் பொருத்தமானது.

ஆனால் அதே வருஷங்களில் பழவேற்காட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். துணி ஏற்றுமதி, வெடிமருந்து உற்பத்தி. அதோடு இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அவர்களும் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்தானே? அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் ஊருக்குள் இருக்கிறது, வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு. டூரிஸ்ட்கள் செல்ஃபி எடுப்பார்கள். அவர்களுக்கு முன்னால் வந்த போர்த்துகீசியர் காலத்தில், 1515இல், மகிமை மாதா கோவில் தொடங்கியதாக ஆலய வரலாறு சொல்கிறது. கப்பலில் வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்ததை வைத்துக்கொண்டு, ஒரு ரூபாய் பாட்டிலோடு ஆயா மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள்.

இது பழைய கதை இல்லை, எனக்கு. நான் சிவில். இந்தக் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது என்று கோஸ்டல் எஞ்சினியரிங்கில் படித்திருக்கிறோம். நடுவில் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியதால்தான் மெரினா அகலமானது, ராயபுரம் பக்கம் கரை போனது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. காட்டுப்பள்ளி விரிவாக்கம் வேண்டாம் என்று எங்கள் பக்கத்து மீனவர்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். முகத்துவாரம் அடைக்காமல் இருக்க இரண்டு பக்கமும் கல் சுவர் வேண்டும் என்று கேட்பதும் அவர்களேதான். இரண்டுக்கும் எஞ்சினியர் வேண்டும். கட்டுமான கம்பெனி ஒன்று கேம்பஸுக்கு வந்து, எனக்கு ஆஃபர் கொடுத்து, முதல் சைட்டே இப்படி ஒரு சுவராக இருந்தால், வெள்ளிக்கிழமை சாட்சி நேரத்தில் நான் எழுந்து என்ன சொல்வது? ஆயா பாட்டிலில் காசு போடுவாளா? கேட்டுப் பார்த்தேன். "உன் சோறு, நீதான் பாக்கணும்" என்றாள். அது ஆமாவா இல்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஹாஸ்டல் கூட்டத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்திருக்கிறது. சாட்சி நேரத்துக்கு முன்னால் இப்போது சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் அந்த வாரம் என்ன ஆச்சு என்று மட்டும் சொல்கிறோம். நல்லதோ கெட்டதோ, கை தட்டல் கிடையாது. முதல் வாரம் படு மொக்கையாக இருந்தது. ஒருத்தன் லேப் ரெக்கார்டு தொலைந்ததைப் பத்து நிமிஷம் சொன்னான். மூன்றாவது வாரம் ஒருவன் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருப்பதைச் சொன்னான். அவன் இரண்டு வருஷமாக எங்களோடு பாடிக்கொண்டிருப்பவன், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு ஜெபம் செய்தது முருக பக்தன். கீபோர்டை ஆஃப் பண்ணிவிட்டு, எப்படிச் செய்வது என்று தெரியாமல், "சாமி, அவங்க அப்பாவப் பாத்துக்கோ" என்றான். ஆமென் சொன்னோம்.

ஆயா பாட்டிலைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அன்பியக் கூட்டத்தில்தான் கொட்டுவாள். இந்த முறை நானும் நண்பனும் போயிருந்தோம். அவனுக்கு அதுவரை வேலை கிடைத்திருக்கவில்லை, கோர் கம்பெனி ஒன்றின் ரிசல்ட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். பாயில் காசைக் கொட்டி அவனையே எண்ணச் சொன்னாள். 214 ரூபாய். அதை வைத்துப் பெரிதாக என்ன வாங்க முடியும்? அன்பியத்தில் மற்ற வீடுகளும் அவரவர் டப்பாவைக் கொட்டினார்கள். எல்லாம் சேர்த்து, புயலில் வலை கிழிந்துபோன பக்கத்துத் தெரு அண்ணனுக்கு நூல் கண்டு வாங்கிக் கொடுப்பது என்று முடிவானது. அவர் அன்பியத்துக்காரர் இல்லை, கங்கையம்மன் கோவில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர். யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை, கலர் நூலா வெள்ளை நூலா என்றுதான் அரை மணி நேரம் வாக்குவாதம்.

பிறகு சாப்பாடு. கிழங்கா வறுவல், மடவைக் குழம்பு. நண்பன் மூன்று முறை சோறு வாங்கினான். ஆயா காலிப் பாட்டிலை நன்றாக விளக்கிக் கழுவி வெயிலில் வைத்தாள். மறுநாள் விடியற்காலை மாமா கிளம்பும்போது நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். எட்டு மணிக்குப் படியில் ஈரக்கால் சத்தம் கேட்டது. "ஆயா, நான் போடட்டா?" என்று நண்பன் சட்டைப் பையில் சில்லறை தேடிக்கொண்டே எழுந்தான். மாமா என்ன கொண்டுவந்தார் என்று அவன் பார்க்கவில்லை.